முன்கைத் தசைகளின் மின்வரைபடம்: யாருடைய கைகளிலிருந்து கற்கிறது இயந்திரம்?

புதுதில்லி: விரலை அசைக்கும்படி நரம்பு வழியே வரும் கட்டளையை, தோலின் மேல் வைக்கப்பட்ட சிறு உலோக முனைகளின் மூலம் படித்தறியும் தொழில்நுட்பம் ஆய்வகத்தை விட்டுக் கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2025 செப்டம்பர் இறுதியில் மெட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த திரையுள்ள மூக்குக்கண்ணாடியுடன், அதை இயக்குவதற்கான மணிக்கட்டுப் பட்டையும் சேர்த்தே தரப்படுகிறது. இரண்டுக்கும் சேர்த்து விலை 799 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் ரூபாய். பொத்தானைத் தொட வேண்டியதில்லை; குரல் கொடுக்கவும் வேண்டியதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மெல்லத் தொட்டுக்கொண்டாலே கண்ணாடி அதை ஆணையாக ஏற்கிறது.

இந்தப் பட்டைக்குப் பின்னால் உள்ள அறிவியல், முதன்மையாக மருத்துவத்துக்கும் செயற்கைக் கைகளுக்கும் பயன்படும் நோக்கில் வளர்ந்தது. இன்று அதன் போக்கை நுகர்பொருள் சந்தை தீர்மானிக்கத் தொடங்கியுள்ளது. கைகளை இழந்தோருக்கு அரசு உதவியை நம்பியிருக்கும் இந்தியாவுக்கும், தனிநபர் தரவுச் சட்டத்தை இப்போதுதான் நடைமுறைக்குக் கொண்டுவரும் இந்தியாவுக்கும் இந்த மாற்றம் இரு வேறு கேள்விகளை முன்வைக்கிறது. ஆயினும், இரண்டுக்கும் வேர் ஒன்றே: இயந்திரம் யாருடைய கைகளிலிருந்து கற்கிறது என்பதே அது.

விரலை இயக்குவது முன்கை

மனித விரல்களுக்குள் தசைகள் இல்லை. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் நுட்பமான அசைவுகளுக்கு உதவுகின்றன. விரலை வலுவாக மடக்குவதும் நீட்டுவதும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள தசைகளின் பணி. அவற்றின் நாண்களே மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. ஒரு கையால் மறு கையின் முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கும் எவரும் இதை உணரலாம்.

முன்கையில் ஏறத்தாழ இருபது தசைகள் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கின்றன. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் ஒரு தசையிலுள்ள குறிப்பிட்ட இழைத் தொகுதியை ஆள்கிறது. நரம்பணுவும் அது ஆளும் இழைகளும் சேர்ந்தது 'இயக்க அலகு' எனப்படுகிறது. நரம்பணு ஒருமுறை துடித்தால், அதன் இழைகள் அனைத்திலும் மின்னலை ஒன்று ஓடுகிறது. அந்த அலையின் மெல்லிய எதிரொலி கொழுப்பையும் தோலையும் கடந்து மேற்பரப்பை எட்டுகிறது. அதன் அளவு சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில மில்லிவோல்ட் வரையே இருக்கும். இதைப் பதிவு செய்யும் முறையே எலக்ட்ரோமயோகிராபி, சுருக்கமாக இ.எம்.ஜி.

இந்த முறையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டில் உள்ளது. மனிதர் தம் விருப்பப்படி தசையை இறுக்கும்போது மின்னோட்டம் தோன்றுவதை ஜெர்மானிய உடலியல் அறிஞர் எமில் டு புவா ரேமோன் 1849இல் பதிவு செய்தார். 1929இல் ஏட்ரியனும் பிராங்கும் ஊசி வடிவிலான மின்முனையைப் பயன்படுத்தித் தனித்த இயக்க அலகின் துடிப்பைக் கேட்டனர். தசையைத் துளைக்கும் ஊசி துல்லியமானது. ஆனால் நாள்தோறும் அணியத்தக்கதன்று. தோல் மேல் ஒட்டப்படும் முனை வலியற்றது. ஆனால் அதற்குக் கேட்பது பல தசைகள் ஒருங்கே எழுப்பும் இரைச்சல். இந்த இரைச்சலைப் பிரித்தறியும் முயற்சியே மின்முனைக் கட்டங்களுக்கு வழிவகுத்தது.

இரண்டு முனைகளிலிருந்து 256 முனைகள் வரை

தசை மின்சாரத்தால் இயங்கும் செயற்கைக் கை புதிதன்று. 1960ஆம் ஆண்டளவிலேயே சோவியத் ஒன்றியத்தில் அத்தகைய கை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. இன்றும் பரவலாக உள்ள மின் செயற்கைக் கைகளின் அடிப்படை மாறிவிடவில்லை. மடக்கும் தசைகளின் மேல் ஒரு மின்முனை, நீட்டும் தசைகளின் மேல் மற்றொன்று. முதலாவது தூண்டப்பட்டால் கை மூடும். இரண்டாவது தூண்டப்பட்டால் திறக்கும். ஐந்து விரல்களும் தனித்தனியே இயங்கும் விலையுயர்ந்த கையை வாங்கினாலும், அதற்கு ஆணை செல்லும் வழி இந்த இரண்டு முனைகள் மட்டுமே என்றால், பிடியை மாற்றப் பயனாளர் ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட சைகைகளைச் செய்தாக வேண்டும். கருவியைப் பலர் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே இடத்தில் இரண்டு முனைகளை வைப்பதற்குப் பதிலாக, நெகிழ்வான தாளில் பல முனைகளைக் கட்டம்கட்டமாகப் பதித்து முன்கையைச் சுற்றி ஒட்டினால், ஒவ்வொரு கணமும் ஒரு மின்வரைபடம் கிடைக்கிறது. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் தாள் ஒன்றில் 13 வரிசை, 5 நிரை என 64 முனைகள் உள்ளன. ஒரு மூலை காலியாக விடப்பட்டுள்ளது. முனைகளுக்கு இடையே உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர் மட்டுமே. வழக்கமான அளவீட்டுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைத்த இடைவெளி 20 மில்லிமீட்டர் என்பதுடன் ஒப்பிட்டால் இந்த நெருக்கம் விளங்கும். இத்தாலியின் டூரின் நகரில் ராபர்ட்டோ மெர்லெட்டி உருவாக்கிய ஆய்வுக்கூடம் இத்துறையை வளர்த்ததில் முன்னணியில் நின்றது.

இந்த வரைபடத்தை இருவகையில் படிக்கலாம். முதலாவது, அதை ஒரு புகைப்படம் போலப் பார்ப்பது. சுட்டுவிரலை மடக்கும்போது ஓரிடம் ஒளிர்கிறது. சிறுவிரலை மடக்கும்போது மற்றோரிடம் ஒளிர்கிறது. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 128 முனைகள் தந்த ஒரே ஒரு கணத்தின் படத்தைக் கொண்டு எட்டுக் கையசைவுகளை 89.3 சதவீதத் துல்லியத்துடன் கணினி இனங்கண்டது. ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒன்றாக எடுக்கப்பட்ட 40 படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது துல்லியம் 99 சதவீதத்தை எட்டியது. 2021இல் வெளியான மற்றொரு சீனத் தரவுத் தொகுப்பில் முனைகளின் எண்ணிக்கை 256ஆக உயர்ந்தது.

இரண்டாவது வகை இன்னும் ஆழமானது. ஒவ்வோர் இயக்க அலகின் துடிப்பும் கட்டத்தின் மேல் தனக்கே உரிய தடத்தைப் பதிக்கிறது. அந்தத் தடங்களைக் கணித முறையில் பிரித்தெடுத்தால், எந்த நரம்பணு எந்தக் கணத்தில் துடித்தது என்பதையே அறியலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாரியோ ஃபரினா தலைமையிலான குழு, கை துண்டிக்கப்பட்டு நரம்புகள் வேறு தசைகளுக்கு மாற்றி இணைக்கப்பட்டவர்களிடம் இதைச் செய்துகாட்டி 2017இல் முடிவுகளை வெளியிட்டது. அறுவை சிகிச்சையால் மின்முனையை உடலுக்குள் வைக்காமலேயே தண்டுவடத்தின் ஆணை வாசிக்கப்பட்டது என்பதே இதன் சிறப்பு.

எனினும், கட்டங்களுக்குக் குறைகளும் உண்டு. வியர்வை, உலர்ந்த தோல், முனைகளின் இடப்பெயர்ச்சி ஆகியவை படத்தைக் குலைக்கின்றன. கையை உயர்த்தும்போதும் தாழ்த்தும்போதும் ஒரே அசைவு வேறு வேறு வடிவத்தில் தெரிகிறது. ஒருவரின் கையில் பழகிய கணினி, மற்றொருவரின் கையில் தடுமாறுகிறது. தசைகளின் அமைவும் கொழுப்பின் தடிமனும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதே காரணம்.

முனைகள் குறைந்தன, மனிதர்கள் கூடினர்

இந்தக் கடைசிச் சிக்கலுக்கே மெட்டா நிறுவனம் வேறொரு விடையைத் தேடியது. இத்துறையில் இயங்கிய கன்ட்ரோல் லேப்ஸ் என்ற நியூயார்க் நிறுவனத்தை, அப்போது ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த அந்நிறுவனம் 2019இல் வாங்கியது. அக்குழுவின் ஆய்வு முடிவுகள் 2025 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வெளியாயின. அதில் விவரிக்கப்பட்ட மணிக்கட்டுப் பட்டையில் உள்ள அளவீட்டு வழித்தடங்கள் 16 மட்டுமே. ஒவ்வொன்றும் விநாடிக்கு 2,000 முறை அளக்கிறது. ஆய்வகக் கட்டங்களின் 128 அல்லது 256 முனைகளுக்கு முன் இது மிகக் குறைவு.

குறைந்த முனைகளை ஈடுகட்டியது மனிதர்களின் எண்ணிக்கை. ஒப்புதல் அளித்த ஆயிரக்கணக்கானோரின் கைகளிலிருந்து திரட்டப்பட்ட பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு பயிற்றுவிக்கப்பட்டது. அதன் பயனாக, முன்பின் அறியாத ஒருவர் பட்டையை அணிந்தாலும், தனிப்பயிற்சி இன்றியே அது இயங்கியது. காற்றில் எழுதுவதுபோல் விரலை அசைத்தவர்களின் எழுத்தை நிமிடத்துக்குச் சராசரியாக 20.9 சொற்கள் என்ற வேகத்தில் அது படித்தது. குறிப்பிட்ட நபரின் தரவைச் சேர்த்துச் செம்மைப்படுத்தியபோது, கையெழுத்தை அறியும் திறன் மேலும் 16 சதவீதம் கூடியது.

இந்தத் திருப்பத்தின் பொருளாதாரம் கவனத்துக்குரியது. முனைகள் நிறைந்த கட்டமும் அதற்கான மின்பெருக்கியும் விலை மிகுந்தவை; 16 வழித்தடப் பட்டையைத் தொழிற்சாலையில் மலிவாகத் தயாரிக்க முடியும். அப்படியானால் இத்துறையின் உண்மையான மூலதனம் இனி உலோக முனையில் இல்லை. பல்லாயிரம் கைகளிலிருந்து திரட்டிய பதிவில் உள்ளது. அத்தகைய பதிவைத் திரட்டும் வசதி எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எளிதில் வாய்ப்பதன்று. மெட்டா தனது தரவில் ஒரு பகுதியை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. விசைப்பலகைத் தட்டச்சு குறித்த தொகுப்பில் 108 பேரின் 346 மணி நேரப் பதிவு இடம்பெற்றுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் எதைத் திரட்டுவது, எதைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்ற முடிவு நிறுவனத்திடமே உள்ளது.

கையை இழந்தவர்கள் எங்கே?

தரவே மூலதனம் என்றால், அதில் இடம்பெறாதவர்களுக்குக் கருவி சரிவர இயங்காது. கை துண்டிக்கப்பட்டவரின் முன்கையில் தசைகள் குறுகியோ, தழும்பேறியோ, இடம் மாறியோ இருக்கக்கூடும். இயல்பான கைகளில் கற்ற கணினி அங்கே தடுமாறும். மருத்துவ நோக்கிலேயே உருவாக்கப்பட்டு, உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'நைனாப்ரோ' தரவுத் தொகுப்பைப் பற்றி 2014இல் வெளியான விவரத்தின்படி, அதில் இடம்பெற்ற இயல்பான கையுடையோர் 67 பேர். கையை இழந்தோர் 11 பேர். யாருக்காகத் தொகுப்பு உருவானதோ அவர்களே அதில் சிறுபான்மையினர்.

மறுபுறம், சந்தைக்கான பட்டையே மருத்துவத்துக்கும் உதவலாம் என்பதற்கு அறிகுறிகள் உள்ளன. தண்டுவடக் காயத்தால் கை செயலிழந்தவர்களிடமும் தசைகளில் மெல்லிய மின்துடிப்பு எஞ்சியிருப்பதுண்டு. அதைக் கொண்டு அவர்கள் கணினியை இயக்க இயலுமா என்பதை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மெட்டாவுடன் இணைந்து ஆராய்கிறது. விரல் அசையாவிட்டாலும் ஆணை வந்துசேர்கிறது என்பது, பக்கவாதத்தாலும் விபத்தாலும் முடங்கியோருக்குச் சிறிய செய்தியன்று.

இந்தியாவில் காத்திருப்போர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுள் இயக்கக் குறைபாடு உடையோர் 54 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஐந்தில் ஒரு பங்கு அது. வட மாநிலங்களில் தீவனம் வெட்டும் இயந்திரங்களில் சிறுவர்கள் உட்படப் பலர் கைகளை இழந்து வருகின்றனர். கதிரடிக்கும் இயந்திர விபத்துகளைத் தடுக்க 1983இலேயே நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. ஹரியாணாவின் குருகிராம், மானேசர், ஃபரீதாபாத் பகுதிகளின் வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களில் 'பவர் பிரஸ்' இயந்திரங்களில் சிக்கித் தொழிலாளர்கள் விரல்களை இழப்பதைச் சேஃப் இன் இந்தியா அறக்கட்டளை 2019 முதல் தன் அறிக்கைகளில் தொடர்ந்து ஆவணப்படுத்தி வருகிறது.

இங்கேதான் மின்முனைக் கட்டத்தின் அறிவியல் நேரடியாகத் தொடுகிறது. பிரஸ் இயந்திரத்தில் விரல்களை இழந்த தொழிலாளிக்கு, அந்த விரல்களை இயக்கிய தசைகள் முன்கையில் பெரும்பாலும் அப்படியே உள்ளன. நரம்பின் ஆணையும் வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளக் கருவிதான் இல்லை.

செயற்கைக் கால்களில் இந்தியா உலகுக்கே முன்னோடி. 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால், 1975இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி வழியாக ஏழைகளுக்கு இலவசமாகச் சென்றடைந்தது. கான்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவும், உதவிக் கருவிகளுக்கான 'அடிப்' திட்டமும் முக்கியப் பணியாற்றி வருகின்றன. ஆனால் காலுக்கு எட்டிய எளிமை கைக்கு எட்டவில்லை. உடலின் எடையைத் தாங்கி நடக்க உதவுவது காலின் முதன்மைப் பணி. கையோ பற்ற வேண்டும், விட வேண்டும், திருப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆணை வேண்டும். அந்த ஆணையைப் படிக்கும் செலவு மின்முனைகளிலும் கணினியிலும் அடங்கியிருந்தது. மலிவான பட்டை அந்தத் தடையைத் தளர்த்துமானால், ஜெய்ப்பூர் காலுக்கு இணையான ஒரு வாய்ப்பு கைக்கும் திறக்கும். அதற்கு இந்தியக் கைகளின், குறிப்பாக இழப்புக்குள்ளான கைகளின், பதிவுகள் பொதுவுடைமையாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுகளைத் திரட்டுவதற்கு முன் அவற்றின் தன்மையை அறிவது அவசியம். தசை மின்பதிவு மனத்தைப் படிப்பதில்லை. தசைக்கு அனுப்பப்படாத எண்ணம் அதில் தெரியாது. ஆனால் அசைவைத் தவிர வேறு பலவும் அதில் தெரியக்கூடும். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 முறை என்ற தாளத்தில் தசைகளில் பதிகிறது. களைப்பும் பதிகிறது. தசை மின்பதிவின் தனித்தன்மையைக் கொண்டு நபரையே அடையாளம் காண முடியும் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நாள் முழுவதும் அணியப்படும் பட்டை, மருத்துவமனைக்கு வெளியே, மருத்துவர் இல்லாமல், இத்தகைய பதிவைத் திரட்ட வல்லது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024 ஏப்ரலிலும், கலிஃபோர்னியா அதே ஆண்டு செப்டம்பரிலும் இயற்றிய சட்டங்கள், மூளையின் பதிவுகளோடு நிற்காமல் புற நரம்பு மண்டலத்தின் பதிவுகளையும் 'நரம்புத் தரவு' என வகுத்து, கூடுதல் காப்புக்குரியதாக்கியுள்ளன. கனெக்டிகட் மாநிலமோ 2025இல் மைய நரம்பு மண்டலத்தை மட்டும் தன் வரையறையில் வைத்தது. ஒரே பட்டையின் பதிவுக்கு மாநில எல்லையைக் கடந்தால் வேறு காப்பு. சிலி நாடு 2021இலேயே மூளைச் செயல்பாட்டின் காப்பைத் தன் அரசமைப்பில் சேர்த்தது. நரம்புத் தொழில்நுட்ப நெறிமுறைகள் குறித்த உலகளாவிய பரிந்துரையை யுனெஸ்கோ 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், அதாவது 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வரவுள்ளன. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு.

எனினும், தனிநபர் தரவு அனைத்தையும் இச்சட்டம் ஒரே வகையாகவே கருதுகிறது. உடல்நிலை, உடலியல் நிலை, உயிரியல் அடையாளம் ஆகியவற்றைத் தனித்துக் குறிப்பிட்ட 2011ஆம் ஆண்டு விதிகளுக்கு ஆதாரமாக உள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீக்கப்படுகிறது. ஆக, மின்னஞ்சல் முகவரிக்கும் நரம்பின் துடிப்புக்கும் சட்டத்தின் பார்வையில் பெயரளவில் வேறுபாடு இராது. குறிப்பிட்ட நிறுவனத்தை 'முக்கியத் தரவுக் காப்பாளர்' என அறிவித்துக் கூடுதல் கடமைகளைச் சுமத்தும்போது தரவின் நுண்மை கருத்தில் கொள்ளப்படும். ஆய்வு நோக்கிலான பயன்பாட்டுக்கு, உரிய தரநிலைகளுக்கு உட்பட்டு, சட்டம் விலக்கும் அளிக்கிறது. இந்த விலக்கு கல்வி நிறுவனங்களுக்குத் தேவையானது. வணிக நோக்கிலான பயிற்சியும் 'ஆய்வு' என்ற பெயரில் அதற்குள் நுழையுமா என்பது இனிமேல்தான் தெளிவாக வேண்டும்.

செய்யத்தக்கவை

அரசின் முன் உள்ள வேலை இரு திசைகளில் அமைகிறது. ஒன்று, திரட்டுவது. அலிம்கோ, அரசு மருத்துவக் கல்லூரிகளின் மறுவாழ்வுத் துறைகள், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஆகியவை இணைந்தால், கையையும் விரல்களையும் இழந்தோரின் முன்கைப் பதிவுகளைத் தெளிவான ஒப்புதலுடன் சேகரித்துப் பொதுத் தொகுப்பாக்க இயலும். அத்தொகுப்பு இல்லாதவரை, வெளிநாட்டில் பயிற்றுவிக்கப்பட்ட கருவி இங்குள்ள கைக்குப் பொருந்துமா என்பதைச் சோதிக்கும் அளவுகோல்கூட நம்மிடம் இராது.

மற்றொன்று, காப்பது. நரம்புத் தரவைப் புற நரம்பு மண்டலமும் உட்பட வரையறுத்து, அதைக் கையாளும் நிறுவனங்களை முக்கியத் தரவுக் காப்பாளர்களாக அறிவிக்க, தற்போதைய சட்டத்தைத் திருத்தாமலேயே மத்திய அரசுக்கு வாய்ப்புள்ளது.

இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது. காப்பின்றித் திரட்டினால், உதவிக் கருவிக்காக வரிசையில் நிற்கும் ஏழைத் தொழிலாளியின் ஒப்புதல் வெறும் கையொப்பமாகிவிடும். திரட்டாமல் காத்தால், சட்டம் இருக்கும், கருவி வராது. கடமைகள் நடைமுறைக்கு வரும் 2027க்குள் இரண்டையும் தொடங்கினால், முன்கையின் தோலில் ஒலிக்கும் அந்த மெல்லிய மின்துடிப்பு, கண்ணாடித் திரையை நகர்த்துவதோடு நில்லாமல், இழந்த விரல்களின் வேலையையும் மீட்டுத்தரக்கூடும்.